மூன்று கசற்றும் ஒரு பெயரும்

எங்கள் வீடியோக் கடையில் ‘தி வோர் வேகன்’ என்ற ஆங்கிலப் படத்துக்கு ‘இரும்பு வண்டி’ என்று பெயர். நான் வைத்த பெயர்தான். வெள்ளை ஸ்டிக்கரில் நீல மையால் எழுதி, கீழே சிறிய எழுத்தில் ‘ஜோன் வெய்ன், கேர்க் டக்ளஸ், அடிபிடி’ என்றும் சேர்த்திருந்தேன். ஆங்கிலப் பெயரைப் படிக்கச் சிரமப்படும் வாடிக்கையாளர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. ‘தி வோர் வேகன்’ என்று கேட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. ‘இரும்பு வண்டி நிற்கிறதா?’ என்று கேட்டு வந்தவர்கள் நூறு பேராவது இருப்பார்கள்.

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில் 1986 முதல் 2003 வரை வீடியோக் கடை வைத்திருந்தேன். ஊரடங்கு நாள்களில் மாலை ஐந்து மணிக்குள் கூட்டம் முடிந்துவிடும். ஆளுக்கு இரண்டு கசற், சில வேளை மூன்று. இரவு முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியவர்களுக்கு எங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான் துணை. கடற்காற்று எங்களுக்குப் பகை. அலுமாரியில் ஒரு மாதம் அசையாமல் கிடந்த கசற்றின் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். மூடியைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். ‘இரும்பு வண்டி’க்கு அந்தப் பணிவிடை ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. அலுமாரியில் தங்கினால்தானே!

அந்தப் படத்தில் இரண்டு நாயகர்களும் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒருவனைச் சுட்டு வீழ்த்துவார்கள். என்னுடையவன்தான் முதலில் நிலத்தில் விழுந்தான் என்பார் டக்ளஸ். என்னுடையவன் உன்னுடையவனைவிட உயரம் என்பார் வெய்ன். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அந்த இடத்தில் நாடாவை நிறுத்தி மொழிபெயர்த்துச் சொல்வேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இந்த ஒரு வரிக்காகவே மாதம் ஒரு தடவை எடுத்துக்கொண்டு போவார்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. அந்தப் படத்தை இயக்கியவர் பேர்ட் கென்னடி. என் கடையில் அவர் இயக்கிய படங்கள் மூன்று இருந்திருக்கின்றன. ஒன்று இது. இன்னொன்று ‘சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்’, 1969இல் வந்த நகைச்சுவைப் படம். மூன்றாவது, 1991இல் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் வேற்றுக்கிரகத்து ஆளாக வந்து கூத்தடிக்கும் ஒரு படம். மல்யுத்தக் கசற்றுகளுக்காக அலைந்த பையன்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. மூன்றும் ஒரே மனிதனின் கைவேலை என்பது கடையை மூடும்வரை எனக்குத் தெரியாது. இயக்குநர் பெயர் திரையில் வரும் நேரத்தில் எங்கள் ஊரில் பாய் விரித்துக்கொண்டிருப்பார்கள்.

கடையை மூடி ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கனடாவிலிருந்து வந்த பெறாமகள் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள். ஐந்து டிவிடிகள். ‘சித்தப்பா, உங்களுக்குக் கவ்போய் படம் என்றால் உயிர் என்று அப்பா சொன்னார்’ என்றாள். உயிர் என்பது கொஞ்சம் அதிகம். சின்ன வயதில் கலரியில் இருந்து, ஜெய்சங்கர் குதிரை ஏறிய ‘கங்கா’வையும் ‘ஜக்கம்மா’வையும் விசிலடித்துப் பார்த்தவன் நான். சிவகாசியில் அச்சான கவ்போய் சித்திரக் கதைகளைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்து வாசித்தவன். அவ்வளவுதான் என் தகுதி.

பெட்டியில் இருந்தவை பட் பெட்டிக்கர் இயக்கி, ரண்டோல்ஃப் ஸ்கொட் நடித்த படங்கள். அவற்றுள் மூன்றின் திரைக்கதைக்கு நேரே பேர்ட் கென்னடி என்று போட்டிருந்தது. அந்த வரிசைக்கெல்லாம் முதற்படமான ‘செவன் மென் ஃப்ரொம் நவ்’ அந்தப் பெட்டியில் இல்லை; அதைப் பிறகு தனியாக வரவழைத்தேன். அதையும் எழுதியவர் இவரே. பார்த்து முடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் கவ்போய் மோகம் இல்லை. நான் ஒரு காலத்தில் வானொலி நாடகம் எழுதியவன்.

கென்னடியும் வானொலியில் இருந்து வந்தவர்தான். 1922இல் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் மேடை ஆட்டக்காரர்கள். ‘டான்சிங் கென்னடிஸ்’ என்று குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள், பிள்ளையும் அந்த மேடைகளில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களத்தில் குதிரைப்படைப் பிரிவு ஒன்றில் அதிகாரியாக இருந்தார். குதிரைப்படை என்பது பெயரில் மட்டுந்தான். அதற்குள் குதிரைகளைப் பறித்துக்கொண்டு காலாட்களாகத்தான் அனுப்பினார்கள். காயப்பட்டு, வெள்ளி நட்சத்திரம் உட்பட வீரப் பதக்கங்களோடு திரும்பி, வானொலிக்கு எழுதத் தொடங்கினார். பிறகு ஜோன் வெய்னின் பட நிறுவனத்தில் சம்பளத்துக்கு எழுதும் வேலை. அங்கே இருந்து எழுதியதுதான் ‘செவன் மென் ஃப்ரொம் நவ்’. வெய்ன் வேறொரு படத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் நாயகன் வேடம் ஸ்கொட்டிடம் போயிற்று. இயக்கும் வேலை பெட்டிக்கரிடம் போயிற்று. 1956இல் படம் வந்தது. அடுத்த ஆண்டே பிரான்சில் திரை விமர்சகர் ஆந்த்ரே பஸான் அதைத் தலையில் தூக்கி வைத்து எழுதினார். ஆனாலும் படம் நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் சீர்செய்த பிறகு 2000இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

அதன் முதற் காட்சியைச் சொல்கிறேன். இரவு. பேய்மழை. பாறை இடுக்கு ஒன்றில் தீ மூட்டி இரண்டு பேர் கோப்பி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மழைக்குள் இருந்து நனைந்தபடி ஸ்கொட் வருகிறார், நடந்து. குதிரை எங்கே என்று கேட்கிறார்கள். வழியில் செவ்விந்தியர்கள் மறித்தார்கள் என்கிறார். திருடிவிட்டார்களா? இல்லை, தின்றுவிட்டார்கள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொல்கிறார். கோப்பி கொடுக்கிறார்கள். அடுத்த ஊரில் நடந்த ஒரு கொலையைப் பற்றிப் பேச்சுத் திரும்புகிறது. செய்தவர்கள் அகப்பட்டார்களா என்று ஒருவன் கேட்கிறான். இரண்டு பேர் அகப்பட்டார்கள் என்று பதில் வருகிறது. இரண்டு பேர்! தீயைச் சுற்றி இருப்பதும் இரண்டு பேர். அந்தக் கணத்தில் அவர்களுக்கும் விளங்கிவிடுகிறது, நமக்கும் விளங்கிவிடுகிறது. சுடுவதைக் காட்டுவதில்லை. மழையில் நிற்கும் குதிரைகளைத்தான் பார்க்கிறோம், வெடிச்சத்தம் மட்டும் காதில் விழுகிறது. வந்தவருக்கு இப்போது ஏறிப்போகக் குதிரை இருக்கிறது.

இது வானொலி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், ஒன்றும் குறையாது. மழை, தீ, கோப்பைச் சத்தம், மூன்று குரல், இரண்டு வெடி.

கதையும் பெரிய கதை இல்லை. ஏழு பேர் தங்கம் கொள்ளையடிக்கும்போது, அந்த அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நாயகனின் மனைவி கொல்லப்படுகிறாள். நாயகன் முன்பு அந்த ஊர் ஷெரிஃப். தேர்தலில் தோற்றுப்போய், அதே ஊரில் உதவி ஷெரிஃப் வேலை தருகிறோம் என்றபோது கௌரவம் பார்த்து மறுத்தவர். அவர் சும்மா இருந்ததால்தான் அவள் வேலைக்குப் போனாள். அந்தக் குற்ற உணர்ச்சியைப் படம் முழுவதும் சுமந்துகொண்டு அலைகிறார். இரண்டு வரிக்கு மேல் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வழியில் மேற்கே குடிபெயரும் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்துகொள்கிறார்கள். ஓர் இரவு அந்தப் பெண் கூண்டு வண்டிக்குள் படுத்திருக்கிறாள். நாயகன் வண்டிக்கு அடியில், நிலத்தில் படுத்திருக்கிறார். இருவருக்கும் நடுவில் பலகை. மேலே இருந்து அவள் பேசுகிறாள், கீழே இருந்து இவர் பதில் சொல்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ஒரு விரல் படுவதில்லை, ஒரு சொல் வரம்பு மீறுவதில்லை. அந்தப் பலகை எரிந்துவிடும்போல் இருக்கிறது நமக்கு.

என் மனைவி அன்றைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். ‘பாவம், அந்த மனிதனுக்கு ஒரு பாயாவது கொடுத்திருக்கலாம்’ என்றாள்.

இந்தப் படங்கள் பெரும்பாலும் கலிபோர்னியாவில் லோன் பைன் என்ற சிற்றூருக்குப் பக்கத்துக் குன்றுகளில் எடுக்கப்பட்டவை. உருண்டு திரண்ட பாறைகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தாற்போல. கோணேசர் மலையில் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பாறை புதிதில்லை. ஆனால் இங்கே பாறைக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கும். அங்கே பாறைக்கு அந்தப் பக்கமும் பாறைதான். அதனால்தானோ என்னவோ, அவர்களுடைய ஆள்கள் நின்று நிதானமாகப் பேசுகிறார்கள்.

‘தி டோல் டி’ 1957இல் வந்தது. எல்மோர் லெனார்டின் சிறுகதையில் இருந்து கென்னடி எழுதியது. தொடக்கத்தில் ஏறக்குறைய நகைச்சுவைப் படம். பயணிகள் வண்டி தங்கும் நிலையத்துக் காவலரின் சின்ன மகன், பட்டணத்திலிருந்து வரும்போது வரிபோட்ட மிட்டாய் வாங்கிவா என்று காசு கொடுத்து அனுப்புகிறான். நாயகன் அங்கே ஒரு பந்தயத்தில் குதிரையைத் தோற்றுவிட்டு, சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருகிறார்; மிட்டாயை மட்டும் மறக்கவில்லை. நிலையத்துக்கு வந்து பார்த்தால் பையனும் இல்லை, அப்பாவும் இல்லை. மூன்று கொள்ளையர்கள் இருக்கிறார்கள். எங்கே என்று கேட்டால், கிணற்றுக்குள் என்கிறார்கள். இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டு பார்த்த நம் வாய் அப்படியே மூடிக்கொள்கிறது.

கென்னடியின் உண்மையான கைவண்ணம் அதற்குப் பிறகுதான். அந்தக் கொள்ளையர் தலைவனாக வரும் ரிச்சர்ட் பூன் கெட்டவன்தான், கிணற்றில் பிள்ளையைப் போட்ட கூட்டத்துக்குத் தலைவன்தான். ஆனால் அவனுக்குத் தன் கூட்டாளிப் பையன்களைப் பிடிக்கவில்லை. பேச ஆள் வேண்டும். நாயகனைக் கொல்லாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் அதுவே. உனக்கு மாடு கன்று இருக்கிறதா, சொந்த நிலம் இருக்கிறதா என்று கேட்கிறான். எனக்கும் அப்படி ஓர் இடம் எடுக்க ஆசை என்கிறான். கடைசியில், நாயகன் முதுகில் சுடமாட்டார் என்று தெரிந்து, முதுகைக் காட்டியபடி நடந்துபோய்க் குதிரை ஏறுகிறான். தப்பித்தும் விடுகிறான். பிறகு திரும்பி வந்து சாகிறான்! ஏன் வந்தான் என்று ஒருவரும் விளக்குவதில்லை.

‘ரைட் லோன்ஸம்’ 1959. பாராட்டிக்கொண்டே போனால் இந்தப் பதிவு முடியாது, ஆகவே ஓர் இடம் மட்டும். ஜேம்ஸ் கோபேர்னுக்கு அது முதற்படம். அவரும் பேர்னல் ரொபேர்ட்ஸும் சட்டத்துக்கு அஞ்சி ஓடித்திரியும் இரண்டு கூட்டாளிகள். மன்னிப்புக் கிடைத்தால் நிலத்தில் உனக்கும் பங்கு தருவேன் என்கிறார் மூத்தவர். ஏன் என்று கேட்கிறார் இளையவர். உன்னை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் என்று பதில். இத்தனை ஆண்டு ஒன்றாகத் திரிந்தும் அது எனக்குத் தெரியாதே என்கிறார் கோபேர்ன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் ஆண்களும் அப்படித்தான். நாற்பது ஆண்டு ஒரே தோணியில் கடலுக்குப் போயிருப்பார்கள், ஒருவனை ஒருவனுக்குப் பிடிக்குமா என்று கேட்டால் முழிப்பார்கள்.

1960இல் ‘கொமான்சி ஸ்டேஷன்’. கொமான்சி என்ற செவ்விந்திய இனத்தவர் பிடித்துக்கொண்டுபோன ஒரு பெண்ணைப் பண்டமாற்றில் மீட்டு, கணவனிடம் கூட்டிக்கொண்டு போகிறார் ஸ்கொட். அவரே பத்து ஆண்டுகளாகத் தன் மனைவியைத் தேடிக்கொண்டிருப்பவர். கணவன் 5,000 டொலர் வெகுமதி அறிவித்திருக்கிறான். கூடவே வரும் கெட்டவர்களுக்கு அந்தப் பணத்தில் கண். படம் நெடுக அவர்கள் ஒரு கேள்வியைக் குத்திக் குத்திக் கேட்கிறார்கள். பணம் கொடுக்கத் தெரிந்த கணவனுக்குத் தானே தேடி வரத் தெரியவில்லையா? நாமும் அவனைத் திட்டிக்கொண்டே வருகிறோம். என் மனைவி வாய்விட்டே திட்டினாள். கடைசிக் காட்சியில் வீட்டு வாசலுக்கு வருகிறான் கணவன். கண் தெரியாதவன்.

மனைவி ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டாள். ஸ்கொட்டும் ஒன்றும் சொல்லாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு, வெகுமதியும் வாங்காமல், வந்த பாறைகளுக்குள்ளேயே போகிறார்.

நான்கு படங்களும் 80 நிமிடத்துக்குள் முடிகின்றன. நான்கிலும் ஏறக்குறைய ஒரே கதை. ஒரே மாதிரி நான்கைந்து பேர், ஒரே பாதை, ஒரே கோப்பிப் பாத்திரம். மனைவியை இழந்த ஆண், அல்லது இழப்பை மறைக்கும் ஆண். அவனைவிட நன்றாகப் பேசத் தெரிந்த வில்லன். எழுத்தாளன் ஒருவன் தனக்கு எது வருமோ அதை மட்டும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறான் என்று ஒருவர் குறை சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். தோசை சுடுபவரிடம் ஏன் தோசையே சுடுகிறீர்கள் என்று கேட்பதா?

பிறகு கென்னடி தானே இயக்கப் போனார். 1961இல் ‘தி கனேடியன்ஸ்’. தானே எழுதி, கனடாவில் போய் எடுத்த முதற்படம். படுத்துவிட்டது. பேசாமல் தொலைக்காட்சிக்குப் போய், ‘கொம்பட்’ போன்ற தொடர்களுக்கு எழுதியும் இயக்கியும் தொழில் படித்தார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாற்பதை எட்டும் வயதில் மறுபடி வாங்கில் போய் உட்காருவது எல்லாருக்கும் வராது. திரும்பி வந்து 1965இல் ‘தி ரவுண்டர்ஸ்’ எடுத்தார். கிளென் ஃபோர்டும் ஹென்றி ஃபொண்டாவும் வயதாகிவிட்ட குதிரை பழக்குபவர்கள், அவர்களைப் படாதபாடு படுத்தும் ஒரு குதிரை. அதோடு அவருடைய பாதை நகைச்சுவைப் பக்கம் திரும்பிவிட்டது. ‘இரும்பு வண்டி’ 1967. ஷெரிஃப் படம் 1969.

அந்த ஷெரிஃப் படத்தைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும், என் கடைக்குச் சோறு போட்ட படம் அது. புதிதாகக் கட்டிய சிறைக்கு இன்னும் கம்பி வந்து சேரவில்லை. ஷெரிஃபாக வரும் ஜேம்ஸ் கானர் தரையில் சோக்குக்கட்டியால் கோடு கிழித்து, இதுதான் கம்பி என்கிறார். கைதியாக வரும் புரூஸ் டேர்ன், தாண்டினால் என்ன என்று பார்க்கிறான். கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்புச் சாயம் சொட்டுச் சொட்டாகக் கிடக்கிறது. முன்பு ஒருவன் தாண்டிப் பார்த்தான் என்ற மாதிரி ஒரு பார்வை கானரிடம். கைதி உள்ளேயே இருந்துகொள்கிறான். சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வாழ்ந்த ஊரில் அந்தக் காட்சிக்கு மக்கள் சிரித்த சிரிப்புக்கு வேறு ஒரு சுருதி இருந்தது. அதை நான் விளக்கப்போவதில்லை.

கைதேர்ந்த நகைச்சுவை, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திரைக்கதை வில்லியம் போவர்ஸ் எழுதியது. ‘இரும்பு வண்டி’ கிளேர் ஹஃபேக்கர் தன் நாவலில் இருந்து தானே எழுதியது. கென்னடியின் பெயர் பெற்ற இரண்டு படங்களும் வேறொருவர் எழுதியவை. அவருடைய ஆகச் சிறந்த நான்கு எழுத்துகளும் வேறொருவர் இயக்கியவை. தானே எழுதித் தானே இயக்கியவற்றுள் எனக்குத் தேறுவது 1973இல் வந்த ‘தி ட்ரெயின் றொபர்ஸ்’ ஒன்றுதான். பாலைவன மணலில் பாதி புதைந்து துருப்பிடித்துக் கிடக்கும் ரயில் எஞ்சின், அதன் கொதிகலனுக்குள் தங்கம். தண்டவாளம் முடிந்து கடல் தொடங்கும் ஊரில் வசிப்பவன் நான். அந்த எஞ்சினை மறக்க முடியாது. அதிலும் வெய்னும் கூட்டாளிகளும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

அவர் இயக்கியபோது ஏன் அந்தப் பழைய மௌனம் கைகூடவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. அது சொந்த அனுபவத்தில் வந்தது.

கடை தொடங்குவதற்கு முன், இருபத்து மூன்று வயதில் ஒரு வானொலி நாடகம் எழுதினேன். மூதூர்ப் பக்கத்து மீனவர் வீடு. கடலுக்குப் போன தோணி வரவில்லை என்று சொல்ல இரண்டு பேர் வருகிறார்கள். அந்தப் பெண் அவர்களுக்குத் தேநீர் ஊற்றுகிறாள். சொல்ல வாய் வராமல் வலை விலை, மண்ணெண்ணெய் விலை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு விளங்குகிறது. பிறகு ஐந்து பக்கத்துக்கு ஒப்பாரி எழுதியிருந்தேன். எதுகை மோனையோடு, கடலை விளித்து, கோணேசரை விளித்து. கையெழுத்துப் பிரதி 14 பக்கம்.

தயாரித்தவர் ஒப்பாரியை முழுதாக வெட்டிவிட்டார். அவள் மூன்றாவது கோப்பையில் தேநீர் ஊற்றி மேசையில் வைக்கும் சத்தத்தோடு நாடகத்தை முடித்துவிட்டார். ஊற்றும் சத்தம், பீங்கான் பலகையில் படும் சத்தம், பிறகு அலை. அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆச்சி வானொலிக்கு முன்னால் இருந்து கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். பார்த்தும், ஊர் முழுக்க ஒப்பாரியை வெட்டிவிட்டார்கள் என்றுதான் சொல்லித் திரிந்தேன். இன்று அந்தத் தயாரிப்பாளர் இருந்தால் காலில் விழுவேன்.

அப்போது விழவில்லை. அடுத்த ஆண்டு அதே நாடகத்தை ஒப்பாரியோடு மேடையேற்றினேன், ஒரு பாடசாலை மண்டபத்தில், நானே இயக்கி. ஒரு வரி விடவில்லை. ஒப்பாரி தொடங்கி மூன்றாவது நிமிடம் இருமல் தொடங்கியது. ஐந்தாவது நிமிடம் பின்வரிசையில் வாங்கு இழுபட்டது. எட்டாவது நிமிடம் சின்னப் பிள்ளைகள் வெளியே போய்க் கடலைக்காரனைச் சுற்றி நின்றார்கள். திரைக்குப் பின்னால் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுதுகொண்டிருந்தவளை எப்படி நிறுத்துவது? எழுதியவனுக்குத் தன் வரிகள் எல்லாம் பிள்ளைகள். எதைக் கிணற்றில் போடுவான்?

கென்னடி புத்திசாலி. என்னைப்போல ஒப்பாரி வைக்கவில்லை, பகிடிக்குப் போய்விட்டார். பகிடியில் வரியை வெட்டவேண்டிய தேவை குறைவு. சோகத்தில் எவ்வளவு மறைக்க வேண்டும் என்பதைச் சொல்ல பக்கத்தில் ஒரு பெட்டிக்கர் வேண்டும். இது என் கணிப்பு. ‘ஹொலிவூட் ட்ரெயில் பொஸ்’ என்று 1997இல் அவர் எழுதிய தன்வரலாற்றுக்கு என் கை இன்னும் எட்டவில்லை. வாசித்த யாராவது என்னைத் திருத்தட்டும்.

2001 பெப்ரவரி 15 அன்று இறந்துபோனார். அன்றைக்கு என் கடை திறந்திருந்திருக்கும். யாராவது ‘இரும்பு வண்டி’யை எடுத்துப் போயும் இருக்கலாம்.

சென்ற மாதம் அலுமாரி துப்புரவாக்கும்போது அந்த 14 பக்கப் பிரதி அகப்பட்டது. ஓரமெல்லாம் கறையான். ஒப்பாரிப் பக்கங்களின் குறுக்கே தயாரிப்பாளரின் சிவப்புப் பென்சில் கோடு இன்னும் மங்கவில்லை. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எங்களுக்குத் திருமணம் ஆகுமுன்னரே அந்த மேடை நாடகத்துக்கு அவள் தன் அக்காவோடு வந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஒப்பாரி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு வரியும் இல்லை என்றாள்.

‘ஆனால் அந்தக் கோப்பை உடைகிற இடம் ஞாபகம் இருக்கிறது’ என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணாக நடித்தவள் அழுதுகொண்டே கையை வீசியதில் மேசையில் இருந்த கோப்பை தட்டுப்பட்டு விழுந்து நொறுங்கியது. வந்திருந்த இரண்டு பேராக நடித்த பையன்களும், மேடை என்பதையே மறந்து, குனிந்து ஆளுக்கொரு பக்கமாகப் பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினார்கள். ஒருவரும் பேசவில்லை. அன்று இரவு அவர்களை நான் கண்டபடி ஏசினேன்.

‘அந்த இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் குனிந்து பொறுக்கினார்களே, அதை எப்படி யோசித்து எழுதினீர்கள்?’ என்று கேட்டாள். இத்தனை ஆண்டும் அது நாடகத்தில் இருந்தது என்றே நினைத்திருக்கிறாள்.